ஆட்டலாம், ஊனக் கூடாது

சடையன் வீட்டில் யாரும் காலாட்ட மாட்டார்கள். கச்சிராயபாளையத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றாலும் அந்த வீட்டில் அது கொஞ்சம் ஜாஸ்தி. உட்கார்ந்தபடி காலாட்டினால் வீட்டிலிருக்கும் லட்சுமி எழுந்து போய்விடுவாள். படுத்தபடி ஆட்டினால் போனவள் திரும்பி வரவே மாட்டாள். பெரியவர்கள் எதிரில் ஆட்டினாலோ, உன்னையெல்லாம் நான் ஓர் ஆளாகவே மதிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதற்குச் சமம். சின்ன வயதில் சடையன் மகன் வெங்கடேசன் சோறு தின்னும்போது ஒருமுறை காலாட்டிவிட்டான். அப்பா விட்ட அறையில் வாயிலிருந்த சோறு எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது என்று அவன் அம்மா ராணியம்மாள் இன்றைக்கும் சொல்லுவாள்.

அப்படிப்பட்ட வெங்கடேசனுக்கு வாழ்க்கைப்பட்ட விஜயலட்சுமியைத்தான், நாள் முழுக்கக் காலாட்டிக்கொண்டே இரு என்று பாண்டிச்சேரியில் ஓர் எலும்பு டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அதைச் செய்ய வேண்டியவள் மாமனார் வீட்டுக் கூடத்தில் அல்லவா படுத்திருக்க வேண்டியிருந்தது.

விஜயலட்சுமி ஓரிடத்தில் இருந்தவளே இல்லை. கல்வராயன் மலையில் அவள் கிராம நர்ஸ். காலையில் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினால் வெள்ளிமலையில் இறங்குவாள். அதற்கு அப்பால் பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊராக ஏறி இறங்குவாள். மூச்சு வாங்கும், கால் கடுக்கும், அட்டை கடிக்கும். ஆனாலும் அந்த மலைதான் அவளுக்குப் பிடித்திருந்தது. மேலே போனால் அவள் நர்சம்மா. கீழே இறங்கினால் சடையன் வீட்டு மருமகள். எது பிடிக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

போன வருஷம் ஐப்பசி மழையில் வழுக்குப் பாறையில் கால் வைத்தாள். பாதம் உட்பக்கமாக மடங்கியது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்ததால் பெட்டி பிழைத்தது, கால் பிழைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றார்கள். அப்புறம் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, நாட்டுக்கட்டு மூன்று தடவை போட்டார்கள். வீக்கம் வடிந்தது. வலி மட்டும் போகவில்லை. சமதரையில் நடந்தால் சும்மா இருக்கும், மேட்டில் ஏறினால் கணுக்காலுக்கு உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டு சுருக்கென்று பிடிக்கும். சாயங்காலம் கணு உப்பிப் போகும்.

வலிக்கிறது என்று சொன்னால் நம்பத்தான் ஆளில்லை. படத்தில் ஒன்றும் இல்லையே என்றார்கள். மலை வேலை சலித்துவிட்டது, கீழே மாற்றல் வாங்கப் பார்க்கிறாள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். வேலையையே விட்டுத் தொலைத்தால் வலியும் போய்விடும் என்று ராணியம்மாள் சொன்னாள். இப்படியே ஒன்பது மாசம் ஓடியது. கடைசியில் வெங்கடேசன்தான், மனைவி படிக்கட்டு இறங்கும்போது பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனான்.

அந்த டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். பாதத்தைக் கீழ்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்லி, வேறு கோணத்தில் படம் எடுத்தார். ஈரப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. கீழ்க்கால் எலும்பு வந்து உக்கார்ற எலும்பு இது. இதோட மேல்மூலையில ஒரு பள்ளம் தெரியுதா? எலும்புக்கு மேல வழவழன்னு குருத்தெலும்பு மூடியிருக்கும். அது படத்துல தெரியாது. அதனாலதான் யாருக்கும் தெரியல. அன்னைக்கு மடங்குனப்போ அந்தக் குருத்தெலும்பு, அடியில இருக்குற எலும்புத் துணுக்கோட சேந்து பேந்து போச்சு. ஒட்டாம, விலகாம, உள்ளேயே ஆடிக்கிட்டு இருக்கு."

விஜயலட்சுமிக்கு அழுகை வந்தது. கெட்ட செய்திக்கு அல்ல. இத்தனை மாசமாக நான் பொய் சொல்லவில்லை என்று சொல்ல ஒரு பள்ளமாவது கிடைத்ததே என்றுதான்.

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. பெயர்ந்த துணுக்கை எடுத்துவிட்டு, அடியிலிருந்த எலும்பில் பொடிப்பொடியாகத் துளை போட்டார்கள். துளை வழியாக ரத்தம் கசியும், உறையும், அதிலிருந்து புதிதாகக் குருத்தெலும்பு மாதிரி ஒன்று வளர்ந்து பள்ளத்தை மூடும். பழையதைப் போல அவ்வளவு நன்றாக இருக்காது, ஆனால் நடக்கலாம், ஒருவேளை மலையும் ஏறலாம். எல்லாம் அடுத்த ஆறு வாரத்தில் இருக்கிறது என்றார் டாக்டர். தையல் பிரித்து அனுப்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்களே நர்ஸ், உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. ஆறு வாரம் இந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது. ஒரு தடவைகூட. ஆனா கணுவை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஊனுனா புதுசா வர்றது நசுங்கிடும். ஆட்டாம வெச்சிருந்தா கரடுமுரடா வளரும், கணு இறுகிப்போகும். ஆட்டலாம், ஊனக் கூடாது. மறந்துடாதீங்க."

மறப்பாளா அவள். எத்தனை பேருக்கு எத்தனை மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள்.

வீட்டில் உள்ளறை இருட்டு. அதன் வாசற்படியும் உயரம், கக்கத்தில் வைக்கும் கட்டை அதில் இடறும். அதனால் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். அங்கேதான் வினை வந்தது. அந்தச் சமயத்தில் சடையன் வீட்டுக் கூடம் சங்கத்து ஆபீஸ் மாதிரி இருந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனத்துக்குத் தனி இட ஒதுக்கீடு கொடு என்று ஜில்லா முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவாகியிருந்தது. சாயங்காலமானால் ஆட்கள் வந்து பாயில் உட்காருவார்கள். எந்த ரோட்டை யார் அடைப்பது, சோறு எங்கே ஆக்குவது என்று பேச்சு சூடாகும். எதிரே கட்டிலில், தலையணை மேல் ஒரு கால், அது பாட்டுக்கு மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கும்.

முதல் இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு மட்டும் அடிக்கடி அறுந்தது. மூன்றாம் நாள் சின்னராசுவால் பொறுக்க முடியவில்லை. அவர் சடையனுக்குப் பங்காளி, வாய்த்துடுக்கு உள்ளவர்.

"இன்னாண்ணே, நாம இம்மாம் பெரிய விசயம் பேசிக்கினு இருக்கோம். உன் மருமவ பாட்டுக்குக் காலாட்டிக்கினு படுத்துருக்குதே. நம்ம பேச்சு அவ்ளோ எளக்காரமா போச்சா?"

சடையன் முகம் கறுத்துவிட்டது. ஊரே அவர் பேச்சுக்குக் கட்டுப்படுகிறது, வீட்டில் ஒரு கால் கட்டுப்பட மாட்டேன் என்கிறது. அவர் மருமகளிடம் நேராகப் பேசுகிறவர் அல்ல. அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். இருந்தாலும் அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியிடம் சொன்னார்.

"ஆளுங்க வந்தா கால அடக்கிக்கினு இருக்கச் சொல்லு அந்தப் பொண்ண."

"டாக்டரு சொல்லித்தான் ஆட்டுறேன், அத்த" என்றாள் விஜயலட்சுமி, அவளும் அடுப்படியைப் பார்த்தே.

"டாக்டரு பாண்டிச்சேரியில கீறாரு. நாம இங்க கீறோம்" என்றாள் ராணியம்மாள்.

மறுநாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஆட்டிப் பார்த்தாள். ஆவணி மாசப் புழுக்கத்தில் போர்வைக்குள் வேர்த்து ஊற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் போர்வைக்குள் பூனை புகுந்தது போலத் தெரிந்ததாம். இப்போது ஆட்கள் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போர்வையைப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். விஜயலட்சுமி கூனிக்குறுகிப் போனாள். அவளையும் சின்ன வயதில் காலாட்டாதே என்று அடித்து வளர்த்தவர்கள்தானே. டாக்டர் பேச்சு காதில் இருந்தது, இந்தப் பேச்சு ரத்தத்தில் இருந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் மட்டும் நிறுத்துவோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறியல் நெருங்க நெருங்கக் காலையிலும் ஆள் வந்தார்கள், மத்தியானமும் வந்தார்கள். காலை அசைக்காமல் படுத்துக் கிடந்தாள். கால் அசையாதபோது மனசு பறந்தது. கூரையைப் பார்த்தாள், ஓட்டின் நடுவே வெளிச்சம் விழும் துளையைப் பார்த்தாள், புரண்டு படுத்தாள், மறுபடி புரண்டாள். மலையில் யாருக்குப் பிரசவ நாள் வந்திருக்கும், எந்தக் குழந்தைக்கு அடுத்த ஊசி தவறியிருக்கும் என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள்.

மறியல் தொடங்கியது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரத்தை வெட்டும் சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டது. மரம் சாயும்போது தரை அதிர்ந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. டிராக்டரை ரிப்பேருக்கு விடச் சேலம் போயிருந்த வெங்கடேசன் அங்கேயே மாட்டிக்கொண்டான். அவள் மறுபடியும் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாளும் அந்த வாரத்தில்தான் இருந்தது. அந்த நாள் வந்தது, போனது. மாமனார் வெட்டிய மரம் மருமகள் போகிற ரோட்டில் குறுக்கே கிடந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது. ஜனத்துக்கு நியாயம் கேட்கிறார்கள், அதைத் தப்பு என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த எத்தனை பெண்கள் பாதியில் கரும்பு வெட்டப் போனார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் அவளுடையது.

ஆண்கள் எல்லாரும் ரோட்டுக்குப் போய்விட, வீடு காலியாக இருந்த ஒரு காலை நேரத்தில் ஆசையோடு கணுவை ஆட்டப் பார்த்தாள். ஆடவில்லை. கீழ்நோக்கிக் கொஞ்சம் போனது. மேல்நோக்கி ஒரு விரற்கடைகூட வரவில்லை. மறுபடி முயன்றாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி அது நின்ற இடத்தில் நின்றது.

சமதரையில் நடக்க இந்தக் கால் போதும். மேடு ஏறப் பாதம் மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். மடங்காவிட்டால் மலை இல்லை. மலை இல்லாவிட்டால் இந்தக் கூடம், இந்த அடுப்படி, ஆயுசுக்கும் இதுதான். யாரோ நாலு பேர் முகம் சுளித்தார்கள் என்பதற்காக இதையா பறிகொடுத்தோம் என்று தன் மேலேயே அவளுக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. பழைய புடவை ஒன்றை முறுக்கிப் பாதத்தில் மாட்டி, இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. விட்டாள், இழுத்தாள். மத்தியானத்துக்குள் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. அதற்கப்புறம் அவள் யாருக்காகவும் நிறுத்துவதாக இல்லை.

சாயங்காலம் சடையன் உள்ளே வந்தார், பின்னாலேயே சின்னராசும் வந்தார். கால் போர்வையில்லாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்ற களைப்பு, போலீஸ் வரும் என்ற கலக்கம், எல்லாம் சேர்ந்து சடையனுக்குப் பொங்கிவிட்டது.

"ராணி! இன்னா நடக்குது இந்த வூட்டுல? ரெண்டு வாரமா தட்டுல சோறு போவுது கட்டிலுக்கு. எழுந்து ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடிக்க முடியல. ஆனா காலு மட்டும் நாளெல்லாம் ஆடுது! ஆட்டத் தெரியுற காலுக்கு ஊனத் தெரியாதா? கேளு அத."

உண்மையைச் சொன்னால், ஊரில் எல்லார் மனசிலும் இருந்த கேள்வி அதுதான். முறிந்த கால் ஆடாது, ஆடுகிற கால் நடக்கும். இத்தனை காலமாக அவர்கள் கண்டது அதுதான்.

விஜயலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். பார்த்தது மாமியாரை. பேசியது கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"அத்த, எலும்பு ஒடஞ்சிருந்தா மாமா சொல்றது சரிதான். எனக்கு ஒடஞ்சது எலும்பு இல்ல. எலும்பு மேல இருக்குற குருத்து. பழசு பேந்து போச்சு, எடுத்துட்டாங்க. அந்த எடத்துல இப்பத்தான் புதுக் குருத்து வுட்டுக்கினு இருக்குது. அது மேல என் பளு ஏறுனா நசுங்கிடும். பளு இல்லாம ஆட்டுனாத்தான் வழவழன்னு வளரும். நீங்க வெக்கப்படுறீங்கன்னு நான் நிறுத்துனேன், காலு பூட்டிக்கிச்சு. இனிமே நிறுத்த மாட்டேன். நீங்க அடிச்சாலும் நிறுத்த மாட்டேன்."

இவ்வளவு பேச்சை அந்த வீட்டுக் கூடம் ஒரு மருமகள் வாயிலிருந்து கேட்டதில்லை. சின்னராசு தொண்டையைச் செருமிக்கொண்டு செருப்பைத் தேடினார். சடையன் திரும்பி அந்தக் காலைப் பார்த்தார். கரும்பு வைத்தே தலை நரைத்த மனிதர் அவர். குருத்துப்பூச்சி விழுந்து நடுக்குருத்து காய்ந்து, கையால் இழுத்தால் அழுகிய நாற்றத்தோடு உருவிக்கொண்டு வருவதை எத்தனை தடவை பார்த்திருப்பார். அந்தக் கரும்பு அப்புறம் தலையெடுக்காது.

"காலுக்குள்ள குருத்தா?" என்று மனைவியைக் கேட்டார்.

"அப்பிடித்தான் சொல்லுது" என்றாள் ராணியம்மாள்.

அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். ஒத்துக்கொண்டாரா, கோபமா என்று விஜயலட்சுமிக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆட்கள் வந்தபோது பாயை வாசல் பந்தலில் விரிக்கச் சொன்னார். அவள் முகத்தில் விழிக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறியல் வாரம் முடிந்ததும் போலீஸ் ஊர் ஊராக வந்தது. மரம் வெட்டியவர்கள் யார், முன்னால் நின்றவர்கள் யார் என்று கேட்டுக் கேட்டுப் பிடித்துப் போனார்கள். ஆண்கள் பகலில் கரும்புக் கொல்லையில் கிடந்தார்கள், கோமுகி அணைப் பக்கம் போனார்கள், சிலர் மலையேறிப் போனார்கள். சடையனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். வாய் வைப்பதற்குள் தெருக்கோடியில் ஜீப் சத்தம் கேட்டது.

பின்கட்டால் போக நேரமில்லை. கூடத்துக்கு மேலே பரண் இருந்தது, விதை நெல்லும் பழைய பானைகளும் போட்டு வைக்கிற இடம். ஏணி வைத்து ஏறியவர் ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டார். இழுத்த வேகத்தில் ஏணிக்கால் பட்டு, சுவரில் சாய்த்திருந்த கக்கத்துக் கட்டைகள் சரிந்து நெல்குதிருக்குப் பின்னால் போய் விழுந்தன. அதை எடுக்க யாருக்கும் அவகாசமில்லை.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார்கள். வைக்கோலைக் கலைத்தார்கள். ராணியம்மாள் கத்திக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினாள். கூடத்துக்குள் சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் வந்தார். சின்ன வயசு. தூக்கமில்லாத கண். கட்டிலில் கிடந்த விஜயலட்சுமியைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். பயத்தில் அது இன்னும் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"போலீஸ் வந்து நிக்குது, காலாட்டிக்கிட்டு படுத்திருக்க? மாமனார் எங்க?"

"தெரியாதுங்க. கால்ல ஆபரேஷனுங்க. டாக்டர் ஆட்டச் சொல்லியிருக்காரு."

அவர் தலை தூக்கிப் பரணைப் பார்த்தார். ஏற வழி இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். கூடத்தில் ஏறி நிற்கத் தோதாக இருந்தது அந்தக் கட்டில் ஒன்றுதான்.

"எறங்கு. கட்டில் வேணும்."

"எறங்க முடியாதுங்க சார். கால ஊனக் கூடாதுங்க."

"இந்த ஆட்டு ஆட்டுற, ஊன முடியாதா? யாருகிட்ட கதை விடற? பரண்ல ஆள் இருக்கு, அதனாலதான எறங்க மாட்டேங்குற?"

அவர் சொன்னது பாதி பொய், பாதி நிஜம். கட்டிலை விட்டு இறங்கினால் கால் போகும், மாமனாரும் போவார். இறங்காவிட்டால் சந்தேகம் உறுதியாகும். அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் இன்னும் இரண்டு அடி கிட்டே வந்தார்.

"நீயா எறங்குறியா, நான் புடிச்சு எறக்கட்டுமா?"

கை அவள் தோள் பக்கம் நீண்டது. தொட்டுவிடுவார் என்ற அருவருப்பில் விஜயலட்சுமிக்கு எல்லாம் மறந்துபோயிற்று. டாக்டர் மறந்தது, ஆறு வாரம் மறந்தது. எப்போதும் எழுந்திருக்கிறவள் எழுந்திருப்பது போல இரண்டு காலையும் தூக்கிக் கீழே போட்டு, உடம்பை முன்னால் சாய்த்தாள். ஆபரேஷன் ஆன வலது பாதத்தின் பெருவிரல் தரையில் பட்டது.

"ஊனாதம்மா! குருத்து நசுங்கிடும்!"

மேலேயிருந்து வந்த குரலில் பரண் பலகையே அதிர்ந்தது. கிணற்றோரம் போகிற பிள்ளையைக் கண்டு கத்துகிற மாதிரி, யோசிக்காமல் வந்த சத்தம். அவள் காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். சப்-இன்ஸ்பெக்டரும் ஓரடி பின்னால் போனார். மூன்று பேருக்கும் என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலில் புரிந்தது சடையனுக்குத்தான். மேலே ஒரு பானை உருண்டது. அப்புறம் ஏணி இறங்கியது.

உடம்பெல்லாம் ஒட்டடையும் உமியுமாக இறங்கி வந்தார். சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான்தாங்க சடையன். வந்துர்றேன். அந்தப் பொண்ண எறக்காதீங்க. போன வாரம் வரைக்கும் நானும் உங்கள மாதிரிதாங்க பேசிக்கினு இருந்தேன். ஆட்டுற காலு வேற, ஊனுற காலு வேறங்க."

சப்-இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லி, வைத்திருந்த கஞ்சியையும் குடிக்கச் சொல்லி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ராணியம்மாள் ஜீப்புக்குப் பின்னால் தெருக்கோடி வரைக்கும் ஓடினாள்.

திரும்பி வந்தவள் கூடத்து நடுவில் நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

"உன் காலாலதான்டி அவரு போனாரு."

விஜயலட்சுமியால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். தன் கால் பிழைத்ததற்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷம் வெட்கமாகவும் இருந்தது. ஒரே ஒரு மனுஷனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த மனுஷனைத்தான் ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

ராணியம்மாள் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை. இருட்டும் வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, எழுந்து வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். மருமகளின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் சும்மா வெச்சிருக்க? ஆட்டு. அவரயும் அனுப்பிட்டு, இதுவும் வெளங்காம போச்சுன்னா உன்ன நான் சும்மா வுட மாட்டேன்."

சேலத்திலிருந்து மறுபடி பஸ் விட்ட பிறகுதான் வெங்கடேசன் வந்து சேர்ந்தான். அப்பாவைக் கடலூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, வேட்டி துண்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். காய்ச்சல் விட்டுவிட்டதாம். நம் ஆட்களே நிறையப் பேர் உள்ளே இருக்கிறார்களாம், பேச்சுத் துணைக்குக் குறைவில்லையாம். ராணியம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவன் சொன்னான். கட்டிலிலிருந்தவள் கேட்காமலே இருந்தாள். கேட்கப் பயமாக இருந்தது.

கடைசியில் அவனே அவள் பக்கம் வந்து உட்கார்ந்தான். ஒரு வாரத்தில் மறுபடி போக அனுமதி உண்டு என்றான்.

"அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, உன்கிட்ட கேட்டுக்கினு வரச் சொல்லி. அன்னிக்கு வெரலு தரையில பட்டத மேலேர்ந்து பாத்தாராம். தூக்கமே வரலியாம் அவருக்கு. பளு ஏறிடுச்சா, குருத்து கீதா போச்சான்னு கேக்குறாரு. இன்னா சொல்லட்டும்?"

பாதம் மாமியார் மடியில் இருந்தது. விஜயலட்சுமி அதை மெதுவாக மேல்நோக்கி மடக்கினாள். ஆபரேஷனுக்கு முந்தி மடங்கிய அளவுக்கு வரவில்லை, வலித்தது, இருந்தாலும் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. உள்ளே என்ன வளர்கிறது, எவ்வளவு வளர்கிறது என்று அவளுக்கும் தெரியாது. ஊன்றினால்தான் தெரியும். அதற்கு இன்னும் நாள் இருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். "மாமா என்னத்தான கேட்டாரு. நானே நடந்து போயி சொல்லிக்கிறேன்."